மதுரைப் புறநகரில் வீடு வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் 17 குறிப்புகள்

திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கிறது ஹார்விபட்டி. மதுரை மில் தொழிலாளர்கள் குடியிருப்பதற்காக உருவான ஊர். அங்கே வேலையை வைத்து வீடு வந்தது. இன்று நாம் மனை மலிவாகக் கிடைத்த இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு, அங்கிருந்து வேலைக்கு எப்படிப் போவது என்று பிறகு யோசிக்கிறோம்.

மாதச் சம்பளத்தில் கடன் கட்டும் குடும்பத்துக்கு இது இருபது வருஷத்துக்குத் தொடரும் சுமை. பத்திரத்தில் எழுதும் தொகையோடு, ரோட்டில் கழியும் நேரத்தையும் தண்ணீர் வண்டிக்குக் கொடுக்கும் காசையும் கூட்டிப் பார்த்தால்தான் வீட்டின் உண்மையான விலை தெரியும். அந்தக் கூட்டலுக்கு உதவும் குறிப்புகள் இவை.

1. வேலை எந்தத் திசையோ, அந்தத் திசையில் தேடுங்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால் திருநகர், தனக்கன்குளம், திருமங்கலம். உயர் நீதிமன்றக் கிளை, வேளாண்மைக் கல்லூரி என்றால் ஒத்தக்கடை, நரசிங்கம், உத்தங்குடி. காமராசர் பல்கலைக்கழகம், வடபழஞ்சி ஐ.டி. பூங்கா என்றால் நாகமலை புதுக்கோட்டை, அச்சம்பத்து. விமான நிலையம் பக்கம் என்றால் அவனியாபுரம், பெருங்குடி. நகரின் ஒரு கோடியில் வீடு, மறுகோடியில் வேலை என்று அமைந்துவிட்டால் தினமும் இரண்டு முறை மதுரையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

2. ஆற்றையும் தண்டவாளத்தையும் எங்கே கடப்பீர்கள் என்று பாருங்கள். மதுரையை வைகை இரண்டாகப் பிரிக்கிறது. ரயில் பாதைகள் இன்னும் பல துண்டாக்குகின்றன. கோரிப்பாளையத்தையும் பழைய நகரத்தையும் இணைக்கும் ஏ.வி. பாலம் 1889-ல் திறந்தது; இன்றும் அதன் மேல் வண்டிகள் நெருக்கியடிக்கின்றன. வில்லாபுரம், அவனியாபுரம்காரர்களுக்குத் தெற்குவாசல் பாலம் இப்படி ஒரு கழுத்து. தூரம் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இடங்களில், பாலம் ஏறாமல் வேலைக்குப் போக முடிகிற இடத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள்.

3. பயணச் செலவைக் கடன் தொகையாக மாற்றிப் பாருங்கள். ஒரு வீடு வேலையிடத்திலிருந்து 6 கி.மீ., இன்னொன்று 18 கி.மீ. என்று வையுங்கள். போக வர தினம் 24 கி.மீ. கூடுதல். மாதம் 25 நாளுக்கு 600 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் டூவீலரில் 13 லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் 1,300 ரூபாயைத் தாண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருஷக் கடனுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக, அந்தப் பெட்ரோல் காசில் ஒன்றரை லட்சம் கூடுதல் கடனைக் கட்டிவிடலாம். கணவன், மனைவி இருவரும் தனித்தனி வண்டியில் போனால் மூன்று லட்சம். தூரத்து மனையின் விலை அதைவிட அதிகமாகக் குறைந்தால்தான் அது மலிவு.

4. காலை எட்டரை மணிக்கு ஒத்திகை பாருங்கள். மனை பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அன்று ரோடு காலியாக இருக்கும். ‘பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு இருபதே நிமிஷம்’ என்று புரோக்கர் சொன்னதும் உண்மையாகவே தோன்றும். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டாவது, அந்த மனையிலிருந்து வேலையிடம் வரை வண்டி ஓட்டிப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குத் திரும்பியும் ஓட்டுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைசி ஒரு கிலோமீட்டர் இருட்டில் எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

5. டவுன் பஸ் நிறுத்தம் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் மனைவிக்கும் கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் மாதா மாதம் மிச்சமாகும் பணம் இது. நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று எத்தனை பஸ் வருகிறது என்று எண்ணுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கிருக்கும் டீக்கடையில் கேளுங்கள். வெளியூர் வேலை என்றால் எந்த பஸ் ஸ்டாண்ட் என்பதும் முக்கியம். தேனி, திண்டுக்கல் போகிறவர்களுக்கு ஆரப்பாளையம். திருச்சி, விருதுநகர் போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணி.

6. ரயில் நிலையத்தை மறக்காதீர்கள். கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், திருப்பரங்குன்றம், திருமங்கலம், சிலைமான் எல்லாம் ரயில் நிலையம் உள்ள ஊர்கள். போடி பாதையில் அகல ரயில் 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்தது. மாத சீசன் டிக்கெட் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு. நிலையம் இருந்தால் போதாது, உங்கள் வேலை நேரத்துக்கு ரயில் நிற்க வேண்டும். கால அட்டவணையைப் பார்த்த பிறகே இதைக் கணக்கில் சேருங்கள்.

7. ஊர்ப் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். குளம், ஏந்தல், ஊருணி, கண்மாய், கால் என்று முடியும் பெயர்கள் தண்ணீர் நின்ற இடத்தையோ ஓடிய வழியையோ சொல்கின்றன. தனக்கன்குளம், கடச்சனேந்தல் என்று மதுரையைச் சுற்றிலும் இப்படிப் பெயர்கள். அதற்காக அந்த ஊர்களில் வாங்கவே கூடாது என்றில்லை. கண்மாயின் கரை எங்கே, கலுங்கு எந்தப் பக்கம், நிரம்பினால் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியே இறங்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் அந்த வாய்க்கால் உங்கள் மனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். 2024 அக்டோபர் மழையில் நகருக்குள்ளேயே செல்லூர், நரிமேடு, பீபீகுளம் பகுதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததை மதுரை மறக்கவில்லை.

8. ஐப்பசி மழைக்கு அடுத்த நாள் போய்ப் பாருங்கள். நாங்கள் முதலில் பார்த்த மனை சித்திரை வெயிலில் பளிச்சென்று காய்ந்து கிடந்தது. மழை பெய்த மறுநாள் போனபோது, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. வாசல்படி இரண்டு அடி உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டு அம்மா, தண்ணீர் மோட்டாரைத் தரையிலிருந்து எடுத்து மாடிப்படிக்குக் கீழே உயரமாக மாட்டியிருந்தார். யாரும் எதுவும் சொல்லாமலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. மழைக்காலம் வரை காத்திருக்க முடியாவிட்டால் சுவரில் இந்தக் கோட்டையும், உயர்த்திய வாசல்படியையும் தேடுங்கள்.

9. போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வாருங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு இரண்டு லிட்டர் வாங்கி வந்து, அதில் துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் வையுங்கள். கடுமையான உப்புத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. சோப்பு நுரைக்காது. அந்த வீட்டுக் குழாயின் வாயிலும் குளியலறை வாளியிலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் உங்கள் ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதே கதிதான். போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்கிறதா, குடிதண்ணீர் வண்டி குடத்துக்கு எவ்வளவு வாங்குகிறது என்று மூன்று வீடுகளில் கேளுங்கள். மூன்றிலும் ஒரே பதில் வந்தால் நம்பலாம்.

10. மாலைக் காற்றையும் கவனியுங்கள். அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. குப்பைக் கிடங்கு, கழிவுநீர் வாய்க்கால், செங்கல் சூளை, கோழிப்பண்ணை எதுவாக இருந்தாலும் காற்று திரும்பும்போதுதான் தெரியும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, காற்றடிக்கும் ஆடியில் ஒரு முறை போய் நின்று பாருங்கள்.

11. வரப்போகும் திட்டத்துக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதைச் சொல்லியே அந்தப் பக்கம் எத்தனையோ மனைகள் விற்பனையாயின. திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. கண் முன் வந்துவிட்ட வசதி வேறு: நத்தம் ரோடு பறக்கும் பாலமும், கலைஞர் நூற்றாண்டு நூலகமும் 2023-ல் திறந்தன, அவற்றை இன்று பயன்படுத்த முடிகிறது. இருப்பதற்கு விலை கொடுங்கள். நோட்டீஸில் அச்சடித்திருப்பதற்குக் கொடுக்க வேண்டாம்.

12. மாநகராட்சியா, ஊராட்சியா என்று கேளுங்கள். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், விளாங்குடி, திருநகர், ஹார்விபட்டி ஆகியவை சேர்ந்து மாநகராட்சி 100 வார்டானது. எல்லைக்குள் என்றால் வரி கூடும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்று நேரில் பாருங்கள். எல்லைக்குள் இருப்பதாலேயே எல்லாம் வந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். வராத தெருவில் செப்டிக் டேங்க் செலவையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

13. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளூர் திட்டக் குழுமமும்தான். ஊராட்சித் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. பழைய அங்கீகாரமில்லாத மனை என்றால், அது 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனையாகிப் பதிவானதா, வரன்முறை உத்தரவு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டமோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டமோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். லேஅவுட் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகக் கொடுத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

14. பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள்; நீங்களும் படியுங்கள். மூலப் பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, புல வரைபடம் இந்த நான்கும் வேண்டும். சர்வே எண் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்து ஒப்பிடுங்கள். கோவில் நிலம், வக்ஃபு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு இல்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்ஜியம் என்று காட்டினால் பதிவாகாது. சின்ன உடைப்பு, பெருங்குடி பக்கம் என்றால் விமான நிலைய விரிவாக்கத்துக்கு எடுக்கும் நிலத்தில் உங்கள் எண் வருகிறதா என்று வருவாய்த் துறையில் கேளுங்கள்.

15. கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கூட்டுங்கள். மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 25 லட்சம் வீட்டுக்கு இதுவே 2.25 லட்சம். வங்கி அதிகபட்சம் 90 சதவீதம் கடன் கொடுத்தாலும் மீதி 2.5 லட்சம் உங்களுடையது. ஆக, 4.75 லட்சம் இல்லாமல் பதிவு அலுவலகப் படி ஏற முடியாது. வக்கீல், பத்திரம் எழுதுபவர், புரோக்கர் கமிஷன், மின் இணைப்பு எல்லாம் இதற்கு மேல். நகையை அடகு வைத்து இந்தத் தொகையைப் புரட்டும் நிலை வந்தால், விலையில் ஒரு படி கீழே இறங்கித் தேடுங்கள்.

16. சலுகைகளை விட்டுவிடாதீர்கள். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடு 45 லட்சத்துக்குள், உள்பரப்பு 90 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. ஒரு சதவீதம், தாண்டினால் ஐந்து. முடிவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

17. முடிந்தால் ஆறு மாதம் அங்கேயே வாடகைக்கு இருங்கள். ஐப்பசி மழையும் பங்குனி வெயிலும் உள்ளே வரும்படி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். திருப்பரங்குன்றம் பக்கம் பௌர்ணமி கிரிவலக் கூட்டம், தல்லாகுளம் பக்கம் அழகர் எதிர்சேவை நாள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ரோடு அடைபடும் நாட்கள் உண்டு. அதெல்லாம் நமக்கு ஒத்துவருமா என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, ஒரு தாள் எடுத்து வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். விரும்பிய மூன்று இடங்களின் பெயரை மேலே எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மாதத் தவணை, பெட்ரோல், பஸ், தண்ணீர் செலவை எழுதிக் கூட்டுங்கள். பக்கத்தில் ஒவ்வொருவரும் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மாலையில் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எழுதுங்கள். பிள்ளை தூங்கும் முன் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருக்கும் இடம் எதுவோ, அதற்கு முன்பணம் கொடுங்கள்.