பெயிண்ட் கூலி: அளப்பது சுவரை, தரையை அல்ல

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வீட்டின் உட்புறம் பெயிண்ட் அடிக்கும் கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. அறையின் நான்கு பக்க நீளத்தையும் கூட்டி, உயரத்தால் பெருக்கினால் சுவரின் பரப்பு வரும். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுவர் 440 சதுர அடி, கூரை 120, மொத்தம் 560. தரைப் பரப்பை மூன்றாலோ மூன்றரையாலோ பெருக்கும் குத்துமதிப்புக் கணக்கும் உண்டு. அது பேச்சைத் தொடங்கத்தான் உதவும், பணம் கொடுக்க அல்ல.

தகராறு வருவது கழிவில்தான். 7க்கு 3 அடிக் கதவு ஒன்றே 21 சதுர அடி. அதைக் கழிப்பார்களா, மாட்டார்களா என்பதை முன்னதாகவே எழுதிக்கொள்வது நல்லது. கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமல் தனிக் கணக்கு.

புதுச் சுவருக்குப் பட்டி இரண்டு கோட், பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு என்பது வழக்கம். நல்ல நிலையில் உள்ள பழைய சுவருக்கு ஆங்காங்கே பட்டி பார்த்தாலே போதும்; முழுப் பட்டிக்கு விலை சொன்னால் காரணம் கேட்கலாம்.

2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான இடங்களில் ஓதம் ஏறிய சுவர் காயுமுன் அடித்த பெயிண்ட் உரிந்துவிடும். அங்கெல்லாம் பொங்கலுக்கு முன்பே முடிக்க அவசரப்படாமல், மாசிக்குத் தள்ளிவைப்பதே மேல்.