புரவி எடுப்பு



நேர்ச்சை என்றால் என்னவென்று ஞானோபதேச வகுப்பிலே பிள்ளைகளைக் கேட்டால், "வேளாங்கண்ணிக்குப் போய் வெள்ளியில் கை, கால் வாங்கிப் போடுவது" என்று உடனே விடை வரும். விடை தப்பல்ல, ஆனால் பாதி விடைதான். கடையில் வாங்கியதைக் காணிக்கையாக வைப்பது ஒன்று. ஒரு பொருளை ஊரே கூடிப் பல நாள் பிரயாசைப்பட்டு உண்டாக்கி, பின்பு அதைக் கையைவிட்டுக் கொடுத்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதை விளங்கிக்கொள்ள, நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடக்கும் ஒரு விழாவை இவ்வாரம் கவனிப்போம்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்து ஊர்களில் அதற்குப் புரவி எடுப்பு என்று பெயர். புரவி என்றால் குதிரை. அய்யனார் இரவில் குதிரையேறி ஊர் எல்லையைக் காவல் காக்கிறார், கண்மாயையும் காக்கிறார் என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. நமது விசுவாசம் வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அயலார் பக்தியோடு செய்வதை மரியாதையோடு அறிந்துகொள்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

விழாவின் தொடக்கம் ஒரு பிடி மண். ஊர்ப் பெரியவர்கள் கண்மாய் மண்ணிலே ஒரு பிடி எடுத்து, குயவராகிய வேளாரிடம் முறைப்படி கொடுக்கிறார்கள். "பிடிமண் கொடுத்தாயிற்று" என்றால் ஊர் வாக்குக் கொடுத்துவிட்டது என்று பொருள்; அதற்கு மேல் பின்வாங்க இயலாது. வேளார் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துகிறார். முதலில் நான்கு கால்கள், குழாய்போல உள்ளே வெறுமையாக. அவை சற்று இறுகிய பிறகே வயிறும் முதுகும் ஏறும். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் மடிந்துவிடும். தலை கடைசியில். நிழலில் நன்றாக உலர்ந்தபின் வைக்கோலும் விறகும் வறட்டியும் அடுக்கிச் சுடுகிறார்கள். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் நெருப்பில் வெடித்துப்போகும். அத்தனை நாள் உழைப்பும் ஓட்டாஞ்சல்லிதான். பிறகு சுண்ணாம்பு பூசி, வர்ணமிட்டு, கழுத்தில் மணியும் முதுகில் சேணமும் தீட்டுகிறார்கள். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் பின்னர்.

விழா நாளில் புரவிகளுக்கு வேட்டி துண்டு சாத்தி, மாலை போட்டு, கழிகளில் கட்டித் தோளிலே தூக்கிக்கொண்டு கொட்டு மேளத்தோடு அய்யனார் கோயிலுக்குப் போகிறார்கள். ஊர்ப் பொதுப் புரவி முன்னே செல்லும். தனிக் குடும்பங்களின் நேர்த்திக்கடன் புரவிகளும், பிள்ளை வரம் கேட்டவர்களின் மதலைப் பொம்மைகளும் பின்னே வரும். கோயிலில் இறக்கி வைத்ததோடு சரி. பின்பு அவற்றை யாரும் துடைப்பதில்லை, பழுது பார்ப்பதுமில்லை. மழையும் வெயிலும் தின்று, அவை மறுபடி மண்ணாகின்றன. அடுத்த விழாவுக்குப் புதிய பிடிமண்.

இதற்கு உறவு போன்ற ஒரு விழா கத்தோலிக்க ஸ்பெயின் தேசத்திலும் உண்டு. முர்சியா மாகாணத்துக் கரவாக்கா பட்டணத்தில் மே மாதத் தொடக்கத்தில் திருச்சிலுவைத் திருநாள் நடக்கிறது. 1960 வரை நமது பஞ்சாங்கத்திலும் மே 3 சிலுவையைக் கண்டெடுத்த திருநாளாக இருந்ததை மூத்தவர்கள் நினைவுகூரக்கூடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பகைவர் அங்குள்ள கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே தண்ணீர் கெட்டுப்போயிற்றாம். தெம்ப்ளார் சபை வீரர்கள் வெளியே புகுந்தோடித் திராட்சை இரசத்தைக் குதிரைகள்மேல் ஏற்றிக்கொண்டு திரும்பினார்களாம். இது பாரம்பரியக் கதை. அதன் ஞாபகமாக மே 2 அன்று, பட்டிலும் பொன்னிழையிலும் பூவேலை செய்த போர்வைகளால் ஜோடித்த குதிரைகள் கோட்டை மேட்டில் ஓடுகின்றன. மேல் ஏறிச் சவாரி செய்வோர் எவருமில்லை. நான்கு பேர் குதிரையைப் பிடித்தபடி கூடவே ஓட வேண்டும். ஒருவர் கை விட்டாலும் அந்த ஓட்டம் செல்லாது. ஓட்டமோ பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். போர்வைக்கு ஊசி பிடித்த மாதங்கள் எத்தனை! 2020ல் யுனெஸ்கோ இவ்விழாவை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

நம் ஊர்ப் புரவிக்கு இப்போது வேறொரு சோதனை வந்திருக்கிறது. சில கிராமங்களில் மண் குதிரைக்குப் பதிலாகச் சிமெண்டுக் குதிரை கட்டிவிடுகிறார்கள். உறுதியானது, ஒரே தடவைச் செலவு என்று காரணம் சொல்லுகிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அழியாத குதிரைக்கு அடுத்த விழாவில் பிடிமண் எதற்கு? வேளாருக்கு வேலை எது? தகப்பனிடம் பழகாத கை, பிறகு நினைத்தாலும் அந்தக் காலை நிறுத்தாது.

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வாசிகள் இதைப் பார்க்கப் புதுக்கோட்டை வரை போகவேண்டுமென்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலே, 1996ல் திறந்த தட்சிணசித்ராவில் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. பிள்ளைகளை விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள். அங்கே முகத்தையும் மாலையையும் பார்ப்பதற்கு முன்னே, குனிந்து கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.