ஜெராக்ஸ் கட்டும் வாசித்த கணக்கும்

மடல் வழிப் பொது விவாத மேடைகளான யூஸ்நெட் செய்திக்குழுக்களை இன்றும் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரியாது. ஆனால் இன்னும் படிக்கிற ஆள் ஒவ்வொருவரிடமும் இருபது வருஷத்து மடல்கள் ஹார்டு டிஸ்கில் கிடக்கின்றன. கணினி மாறும்போதோ, மடல் படிக்கும் மென்பொருளான பழைய நியூஸ் ரீடர் புது விண்டோஸில் ஓடாதபோதோ, அவற்றை எப்படிக் கொண்டுபோவது என்று கையைப் பிசைந்துகொண்டு வருகிறார்கள். வீடு மாறுவது போல, எல்லாச் சாமானையும் லாரியில் ஏற்றி இறக்கினால் முடிந்தது என்பது அவர்கள் நினைப்பு. ரீடரை மாற்றுவது அப்படியல்ல. புத்தகங்கள் சர்வர் என்ற நூலகத்தில் இருக்கின்றன. உங்களிடம் இருப்பவை நீங்கள் எடுத்த ஜெராக்ஸ் தாள்களும், எதுவரை படித்தேன் என்று குறித்துவைத்த சீட்டும்தான். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் வில்லங்கம் எல்லாம் தொடங்குகிறது.

நம்பிக்கை: பழைய ரீடரில் பட்டியலாகத் தெரிகிற மடல்கள் எல்லாம் என் கணினியில் இருக்கின்றன.

பெரும்பாலும் இருக்காது. குழுவைத் திறந்ததும் ரீடர் சர்வரிடமிருந்து வாங்கி வருவது தலைப்பு, எழுதியவர், தேதி, அளவு முதலான விவரங்களை மட்டும். மடலின் உடல், நீங்கள் அதைச் சொடுக்கும்போதுதான் இறங்கும். பன்னிரண்டாயிரம் தலைப்புகள் தெரியலாம். உள்ளே உடலோடு இருப்பவை அறுநூறாக இருக்கலாம். அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் புது ரீடரில் தலைப்பு மட்டும் இருக்கும், திறந்தால் வெறுமை. ரீடரை மாற்றும் முன் வேண்டிய குழுக்களில் முழு மடல்களையும் இறக்கச் சொல்லிவிட்டு, ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். சர்வரும் எல்லாவற்றையும் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கெடு உண்டு, அது தாண்டினால் மடல் அங்கிருந்து போய்விடும். அதற்குமுன் இறக்கியிராத மடலை எந்த ரீடராலும் மீட்டுத் தர முடியாது.

நம்பிக்கை: படித்த கணக்கு இருக்கும் ஃபைலைப் புது ரீடரில் போட்டால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையில் நானே விழுந்திருக்கிறேன்.

யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம், நியூஸ்ஆர்சி என்ற சின்ன எழுத்துக் கோப்பு. குழுவின் பெயர், அதை அடுத்து ஒரு முக்காற்புள்ளி, பிறகு படித்த மடல்களின் எண்கள்: ‘சாக்.கல்ச்சர்.தமிழ்: 1-48210,48215’. அதாவது 48210 வரை படித்தாயிற்று, நடுவில் நான்கை விட்டுவிட்டு 48215-ஐயும் படித்தாயிற்று. முக்காற்புள்ளிக்குப் பதில் ஆச்சரியக்குறி இருந்தால் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள் என்று பொருள். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். இவ்வளவு எளிதான கோப்பைத் தூக்கி வைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

வந்துவிடுகிறது. காரணம், அந்த எண்கள் மடலுக்குச் சொந்தமல்ல, சர்வருக்குச் சொந்தம். செய்தி எடுப்பதற்கான நெறிமுறை 1986-இல் வகுக்கப்பட்ட காலத்திலிருந்தே, தன்னிடம் வந்து சேர்ந்த வரிசையில் எண் போடும் வேலை ஒவ்வொரு சர்வருடையது. ஒரு குழுவைக் கேட்டால் சர்வர் ‘211 1840 51207 53046’ என்கிற மாதிரி ஒரு வரியைத் திருப்பித் தரும். 211 என்பது சரி என்ற சங்கேதம். பிறகு சுமார் எத்தனை மடல், முதல் எண், கடைசி எண். இன்னொரு சர்வரிடம் அதே குழுவைக் கேளுங்கள், கடைசி எண் 9300 என்று வரலாம். அதே குழு, அதே மடல்கள், வேறு கணக்கு.

எனக்கு நடந்தது இதுதான். இணைய இணைப்பு தந்த நிறுவனம் தன் நியூஸ் சர்வரை மூடியதால் வேறு சர்வருக்குப் போனேன். அதே கையோடு ரீடரையும் மாற்றினேன். நியூஸ்ஆர்சியை அழகாகப் பிரதியெடுத்து வைத்தேன். புது ரீடர் பார்த்தது: 48210 வரை படித்தாயிற்று, சர்வரில் இருப்பதே 9300 வரைதான். ஆகவே எல்லாம் படித்தது. எந்தக் குழுவைத் திறந்தாலும் புதிய மடல் இல்லை. இரண்டு வாரம், ‘சரி, குழுக்கள் செத்துவிட்டன போல’ என்று நம்பி, கொஞ்சம் துக்கம்கூடக் கொண்டாடினேன். நேர்மாறாகவும் நடக்கும். புது சர்வரின் எண்கள் பெரியவையாக இருந்தால், நீங்கள் படித்துத் தள்ளிய மடல்களே படிக்காதவையாக வந்து நிற்கும்.

அதனால் சர்வர் அதேதான், ரீடர் மட்டும் மாறுகிறது என்றால் நியூஸ்ஆர்சியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். சர்வரும் மாறுகிறது என்றால் குழுப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு எண்களை வெட்டி எறியுங்கள். பிறகு ஒரு தேதிக்கு முந்தைய எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மடலுக்கே சொந்தமான அடையாளம் வேறு உண்டு. கோண அடைப்புக்குள், நடுவில் ஒரு ‘அட்’ குறியோடு நீளமாக இருக்கும் மெசேஜ் ஐடி. உலகத்தின் எந்த சர்வரிலும் அது மாறாது. சேமித்த மடல் ஒன்றை முழுத் தலைப்புடன் திறந்து பாருங்கள். எக்ஸ்ரெஃப் என்ற வரியில் உங்கள் பழைய சர்வரின் பெயரும், அது கொடுத்த எண்ணும் இருக்கும். சற்றுத் தள்ளி மெசேஜ் ஐடி இருக்கும். முன்னது ரேஷன் கடை டோக்கன் மாதிரி, பின்னது ஆதார் எண் மாதிரி. யார் எதற்குப் பதில் எழுதினார் என்ற இழையை ரீடர் கட்டுவதும், ரெஃபரன்ஸஸ் வரியில் உள்ள மெசேஜ் ஐடிகளை வைத்துத்தான். நடுவில் இரண்டு மடல்களைக் கொண்டுவராமல் விட்டால் இழை அங்கே அறுந்து தெரியலாம்.

நம்பிக்கை: ஃபைலின் வால்பெயரை மாற்றினால் புது ரீடர் படித்துவிடும்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ்காரர்களிடம் இது அதிகம். அதன் டிபிஎக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் குப்பைகளுக்கு நடுவே மடலின் வாசகங்கள் தெரியும். அதனால் வந்த நம்பிக்கை. உள்ளே இருப்பது வெறும் எழுத்தல்ல, தனக்கென்று அமைந்த தரவுத்தளம். பெயரை மாற்றினால் உள்ளே ஒன்றும் மாறாது. அந்த ரீடர் இன்னும் ஓடுகிற பழைய எக்ஸ்பி கணினி ஒன்று கிடைத்தால், மடல்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்குள் இழுத்து விடுங்கள். மடலுக்கு ஒன்றாகத் தனித்தனி எழுத்துக் கோப்புகள் வந்து விழும், அவற்றைப் புது ரீடருக்குக் கொண்டுபோவது எளிது.

எம்பாக்ஸ் என்ற வடிவம் இதைவிட நல்ல பாலம். எல்லா மடல்களும் ஒரே எழுத்துக் கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். தண்டர்பேர்ட் வழக்கமாகச் சேமிப்பதும் இதில்தான். ஒரு மடல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம், ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் கொண்டு தொடங்கும் வரி. மடலுக்குள்ளேயே யாராவது அந்தச் சொல்லில் வரியைத் தொடங்கியிருந்தால்? நல்ல ரீடர் அதன்முன் ஓர் அம்புக்குறியைச் செருகி வைக்கும். செருகாததாக இருந்தால் ஒரு மடல் நடுவில் பிளந்து இரண்டாகும். இரண்டாவதற்குத் தேதியும் இருக்காது, எழுதியவர் பெயரும் இருக்காது. பட்டியலின் கடைசியில் இப்படிப் பெயரில்லாத மடல்கள் குவிந்திருந்தால் இதுதான் காரணம்.

நம்பிக்கை: நான் அழித்த மடல்கள் வராது.

வரும், பேய் மாதிரி. தண்டர்பேர்டில் ஒரு மடலை அழித்தால் எம்பாக்ஸ் கோப்பிலிருந்து அது உடனே போவதில்லை. எக்ஸ் மொஸில்லா ஸ்டேட்டஸ் என்ற வரியில் ஒரு குறி மட்டும் மாறும். ‘0009’ என்று இருந்தால் படித்து, அழித்தாயிற்று என்று பொருள். ஃபோல்டரைச் சுருக்கும்போதுதான் நிஜமாக நீங்கும். சுருக்காமல் கோப்பை எடுத்துப்போய் வேறு ரீடரில் போட்டால், அந்தக் குறியின் பொருள் தெரியாத ரீடர் எல்லாவற்றையும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தும். ஒரு நண்பருக்கு, பத்து வருஷத்துக்கு முன் கோபத்தில் அழித்த சண்டை மடல்களை எல்லாம் மறுபடி படிக்க நேர்ந்தது. முதலில் சுருக்குங்கள், பிறகு பிரதியெடுங்கள்.

உங்கள் ரீடரில் அழித்தால் சர்வரிலும் அழியும் என்று நினைப்பவர்களும் உண்டு. அழியாது, அது உங்கள் பிரதி.

நம்பிக்கை: தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது, மடல் கெட்டுவிட்டது.

சாக்.கல்ச்சர்.தமிழ் போன்ற குழுக்களின் பழைய மடல்களில் பெரும்பகுதி ஆங்கிலமோ, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழோதான். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. நடுநடுவே திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் எழுதிய மடல்கள் இருக்கும், சிக்கல் அங்கே. திஸ்கியில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்தில் இருக்க, 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். மடலின் தலைப்பிலோ இது திஸ்கி என்ற குறிப்பு அநேகமாக இருக்காது. ஏதோ ஐரோப்பியக் குறியேற்றம் என்றே எழுதியிருக்கும். புது ரீடர் அதை நம்பினால் ஐரோப்பிய எழுத்துக் குப்பையைக் காட்டும், யூனிகோட் என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு வைரங்களையும் கேள்விக்குறிகளையும் காட்டும். உள்ளே இருக்கும் பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. திரையில் தெரியும் குப்பையை அப்படியே நகலெடுத்து வேறு கோப்பில் சேமித்தால்தான் உண்மையிலேயே கெடும், கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பிறகு கடவுளுக்கும் தெரியாது.

மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, குறியேற்ற மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்குங்கள். திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதும்: ‘கொ’ என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றாமல் வைத்துக்கொண்டு ‘கொடி’ என்று தேடினால் ஒரு மடலும் அகப்படாது.

நம்பிக்கை: எதற்கு இவ்வளவு பாடு? எல்லாம் கூகுளில் இருக்கிறதே.

நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. 1995-இல் தொடங்கிய டெஜாநியூஸ் சேகரிப்பை 2001 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. டொரான்டோ பல்கலைக்கழகத்து விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் சேமித்த 1980-களின் காந்த நாடாக்களிலிருந்தும் பழைய மடல்கள் சேர்ந்தன. ஆனால் ‘இதைச் சேமிக்காதே’ என்ற தலைப்பு வரியோடு எழுதியவர்களின் மடல்கள் அதில் இல்லை. எழுதியவர் கேட்டு நீக்கியவையும் இல்லை. 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு கூகுள் யூஸ்நெட்டிலிருந்து புதிய மடல் எதையும் எடுத்துக்கொள்வதும் இல்லை.

இன்னொன்றும் அங்கே கிடைக்காது. குழுவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, பொதுவில் சொல்ல வேண்டாமே என்று யாரோ தனி மின்னஞ்சலில் எழுதிய நீண்ட பதில். அது குழுவின் ஃபோல்டரிலும் இருக்காது. பழைய கணினியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் இன்பாக்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.