காற்றுக்குக் கட்டும் கப்பம்

ஐக்யூப், ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராவது ஓசூரில். சென்னையிலிருந்து சுமார் 300 கி.மீ. "அந்த ஸ்கூட்டரிலேயே ஓசூர் போகலாமா?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "தாராளமா" என்பார். இன்னொருவர் "வேலூருக்கே தள்ளிக்கிட்டுத்தான் போகணும்" என்பார். இருவருமே அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள்.

நம்பிக்கை: ஊருக்குள் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும்.

உண்மை: இது பெட்ரோல் வண்டி பழக்கிவிட்ட கணக்கு. சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் பெட்ரோல் குடிக்கும்; மோட்டாருக்கு அந்தச் செலவு கிடையாது. வேகம் குறைக்கையில் கொஞ்சம் கரன்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பியும் கொடுக்கும். ஹைவேயில் அதன் எதிரி காற்று. வேகம் 40-லிருந்து 80 ஆனால், காற்றின் தடை நான்கு மடங்காகும். அமெரிக்காவின் ஜீரோ நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த எஸ்.ஆர்./எஃப். மின்சார பைக்குக்கு அந்த நிறுவனமே கொடுத்த தூரம்: ஊருக்குள் சுமார் 259 கி.மீ.; மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் சுமார் 132. பேட்டரி அதேதான், தூரம் பாதி.

நம்பிக்கை: விளம்பரத்தில் போடும் கி.மீ. எல்லாம் சுத்தப் பொய்.

உண்மை: பொய்யில்லை, எந்த வேகத்தில் எடுத்தது என்பதுதான் சங்கதி. ஐ.டி.சி. என்ற இந்தியச் சோதனை முறையில் உச்ச வேகமே 42 கி.மீ.; சராசரி 22-ஐத் தொடாது. அது தி.நகர் நெரிசலுக்குப் பொருந்தும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி 80-ல் பிடித்தால், திரையில் மீதி தூரம் ஓடிய தூரத்தைவிட வேகமாகச் சரியும். அச்சிட்ட எண்ணில் பாதியை நம்பிக் கிளம்புவது பத்திரம்.

நம்பிக்கை: ஸ்கூட்டர் ஊருக்கு, பைக் ஹைவேக்கு.

உண்மை: உருவத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. பி.எம்.டபிள்யூ. சி.இ. 04 ஸ்கூட்டர்தான், 120 கி.மீ. வேகம் போகும். ரிவோல்ட் ஆர்.வி. 400 பைக்தான், 85-ல் நின்றுவிடும். பார்க்க வேண்டியது பேட்டரியின் கொள்ளளவு, அதாவது கிலோவாட்-மணி. ஏத்தர் 450எக்ஸில் 3.7, அல்ட்ராவயலட் எஃப்77-இன் பெரிய பேட்டரியில் 10.3. ஆனால் பைக்குக்குச் சாதகமாக ஒன்று உண்டு: 17 அங்குலச் சக்கரம். ஸ்கூட்டரின் 12 அங்குலச் சக்கரம் ஹைவே பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பே சொல்லும்.

நம்பிக்கை: வழியெங்கும்தான் சார்ஜர் இருக்கிறதே!

உண்மை: ஹைவே ஓட்டல் வாசலில் நிற்பவற்றில் பெரும்பாலானவை கார்களுக்கானவை. அந்தத் தடித்த பிளக் நம் ஊர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் நுழையவே நுழையாது. ஏத்தருக்கு ஒரு பிளக், ஓலாவுக்கு வேறொன்று. அதனால் சார்ஜர் இருக்கிறதா என்பதோடு, உங்கள் வண்டிக்குச் சேருமா என்பதையும் ஆப்பில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது ஆமை வேகம். அதோடு கழற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது.

சரி, ஓசூர் போகலாமா? போகலாம். 60-ஐத் தாண்டாமல், மூன்று இடத்தில் நின்று, வேலூரில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு இடைஞ்சல் இல்லை. 80-ல் பறக்க நினைப்பவர், ஷோரூமில் "எவ்வளவு ஓடும்?" என்பதோடு விடாமல், "80-ல் எவ்வளவு ஓடும்?" என்றும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டட்டும்.