அந்த ஒரு லட்சத்தை ஏன் வாங்கினீர்கள்?

கேள்வி: திருச்சியில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. 1998இல் நானே வாங்கிய மனையில் கட்டியது. புரோக்கர் வைத்தால் இரண்டு சதவீதம் கமிஷன் போகுமே என்று நேரடியாக விற்க முடிவு செய்து, என் மனைவியின் ஊர்க்காரர் ஒருவரிடம் 48 லட்சத்துக்குப் பேசினேன். 2023 ஜனவரியில் 20 ரூபாய் பத்திரத்தில் அக்ரிமென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பதிவு செய்யவில்லை. அட்வான்ஸ் 6 லட்சம். அதில் 2 லட்சம் வங்கி மூலம், 4 லட்சம் ரொக்கம். ஐந்து மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும் என்பது பேச்சு. பேங்க் லோனுக்கு வேண்டும் என்று மூலப்பத்திரத்தைக் கேட்டார், கொடுத்தேன். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்கிறேன் என்றார், சாவியையும் கொடுத்தேன். இன்றுவரை குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். அக்ரிமென்ட் அசலும் அவரிடமே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கேட்டபோது கூகுள் பே மூலம் ஒரு லட்சம் அனுப்பினார். அதன்பிறகு ஒன்றும் தரவில்லை. இப்போது வேறொருவர் 65 லட்சத்துக்குக் கேட்கிறார். 'மூன்று வருடம் தாண்டிவிட்டது, பதிவும் இல்லை, அந்த அக்ரிமென்ட் வெறும் காகிதம்' என்கிறார் உறவினர் ஒருவர். அட்வான்ஸைத் திருப்பித் தராமல் புதியவருக்கு விற்கலாமா? பூட்டை மாற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி.

பதில்: இரண்டுமே கூடாது. பூட்டில் கை வைக்காதீர்கள். 65 லட்சம் தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

புரோக்கர் இல்லாமல் விற்றதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டை விற்கத் தரகர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் கமிஷனை மிச்சம் பிடித்தபோது, ஒரு வக்கீலிடம் அக்ரிமென்ட்டைக் காட்டும் செலவையும் சேர்த்து மிச்சம் பிடித்துவிட்டீர்கள். இன்றைய சிக்கல் முழுவதும் அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் வழக்கு எதில் நிற்கிறது என்று பார்ப்போம். 'மூன்று வருடம்' என்று உங்கள் உறவினர் சொல்வது காலவரையறைச் சட்டத்தின் 54ஆவது இனம். ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி, அதாவது ஏற்றதை ஆற்றக் கோரி, வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு உண்டு. அந்தக் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைத்தான் அவர் பார்க்கத் தவறிவிட்டார். ஒப்பந்தத்தில் ஒரு தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஓடும். தேதி குறிக்காவிட்டால், 'கிரயம் செய்து தர மாட்டேன்' என்று நீங்கள் மறுத்தது எதிர்தரப்புக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடும்.

உங்கள் ஒப்பந்தத்தில் தேதி இருந்தது. 2023 ஜூன். அதோடு விட்டிருந்தால் உறவினர் சொல்வதில் பலம் இருந்திருக்கும். ஆனால் கெடு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆனபிறகு, 2024 ஆகஸ்டில், அதே ஆளிடம் ஒரு லட்சம் வாங்கினீர்கள். எந்தக் கணக்கில் வாங்கினீர்கள்? கடனாகவா, கிரயத் தொகையிலா? எழுத்து எதுவும் இல்லை. அவருடைய வக்கீல் என்ன சொல்வார் என்பதை இப்போதே சொல்கிறேன்: 'விற்பவர் கெடுவைத் தாமே நீட்டித்து, மேற்கொண்டு கிரயப் பணமும் வாங்கினார். பிறகு புதிதாகத் தேதி எதுவும் குறிக்கவில்லை. இன்றுவரை மறுக்கவும் இல்லை. ஆகவே மூன்றாண்டு இன்னும் தொடங்கவே இல்லை.' ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, கெடுவை நீட்டிக்க ஒப்பந்தத் தரப்பினருக்கு இடம் கொடுக்கிறது. அசையாச் சொத்து விற்பனையில், குறித்த காலத்துக்குள் முடித்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தம் திட்டமாகச் சொல்லாவிட்டால், நீதிமன்றங்கள் தாமாக அப்படி எடுத்துக்கொள்வதும் இல்லை. இந்த வாதம் நிச்சயம் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு லட்சம் கைமாற்றுதான் என்று நிரூபிக்க முடிந்தால் நிலைமை வேறு. ஆனால் 'காலாவதியாகிவிட்டது' என்று நம்பி நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும் அளவுக்கு உங்கள் கையில் பலம் இல்லை.

'பதிவு செய்யவில்லை, அதனால் வெறும் காகிதம்' என்பதும் பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும் பதிவாகாத ஒப்பந்தத்தை, ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் நீதிமன்றப் படி ஏறலாம்.

பதிவு இல்லாதது உங்களுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனத்தில் இருப்பவரைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு பாதுகாக்கும். 2001இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. உங்களுடையது பதிவாகவில்லை. எனவே உரிமையாளர் என்ற முறையில் சுவாதீனம் கேட்டு நீங்கள் வழக்குப் போட்டால், 'அக்ரிமென்ட் இருக்கிறது, எழுந்திருக்க மாட்டேன்' என்று அவர் இந்தப் பிரிவைக் காட்டி நிற்பது கடினம். ஆனால் அந்த வழக்குக்கு வீட்டின் சந்தை மதிப்பில் மூன்று சதவீதம் நீதிமன்றக் கட்டணம் உண்டு. வருடங்களும் பிடிக்கும். அதற்குப் பயந்து பூட்டை உடைத்தால், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டேன் என்று அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் நீங்கள் உரிமையாளர் என்பது எடுபடாது. கரண்ட்டை நிறுத்துவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது போன்றவையும் வேண்டாம்.

புதியவருக்கு விற்கும் யோசனையைப் பற்றி. வீட்டில் வேறொருவர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்று விசாரிக்காமல் வாங்குபவர், அதை அறிந்தே வாங்கியதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில் வாங்கினேன்' என்று அவர் பின்னால் சொல்ல முடியாது. முதல் ஆள் போடும் வழக்கில் அவரும் பிரதிவாதியாவார். தீர்ப்பு அவரையும் கட்டும். நீங்கள் 65 லட்சத்தையும் திருப்பித் தரவேண்டி வரலாம். அவர் மோசடிப் புகார் கொடுத்தால் காவல் நிலையத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

இனி ஆவணங்கள். இதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது. 48 லட்ச ரூபாய் வீட்டின் மூலப்பத்திரத்தை ஒரு ரசீதுகூட வாங்காமல் கொடுத்தீர்கள். அசல் ஒப்பந்தத்தை ஒருவரே வைத்துக்கொள்ள விட்டீர்கள். இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகியிருக்கும்? 2023 ஜூனில் கெடு முடிந்த மறுவாரமே ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உங்களைப் போல எழுதும் வாசகர்கள் பலர் கெடு தவறிய வாரத்தில் எழுதுவதில்லை. விலை ஏறி, வேறொருவர் வந்து கேட்ட பிறகுதான் எழுதுகிறார்கள். நீதிமன்றமும் அதைக் கவனிக்கும். இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு, கூட விலை கிடைத்ததும் பின்வாங்குகிறார் என்று உங்களைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

ரொக்கமாக வாங்கிய 4 லட்சம் தனித் தலைவலி. அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 ஜூன் முதல் தடை உண்டு. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அது வாங்கியவர் மீது, அதாவது உங்கள் மீது விழும். திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தாலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக மட்டுமே. ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

உங்கள் பக்கம் பலமே இல்லையா என்றால், இருக்கிறது. ஏற்றதை ஆற்றக் கோருபவர், தான் எப்போதும் பணத்தோடு தயாராக இருந்ததை நிரூபிக்க வேண்டும். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இந்த வழக்குகளில் நீதிமன்றத்தின் விருப்புரிமை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் தயார்நிலையைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில், 60,000 ரூபாய் கிரயத்துக்கு 5,000 மட்டும் கொடுத்துவிட்டு, ஆறு மாதக் கெடுவும் தாண்டி இரண்டரை ஆண்டு மௌனமாக இருந்தவருக்குக் கிரயம் செய்து தர 1997இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. உங்கள் ஆள் 48 லட்சத்தில் தந்தது 7 லட்சம். மீதி 41 லட்சம் இந்த மூன்றாண்டில் அவர் கையில் எப்போதாவது இருந்ததா? வங்கி அவருக்குக் கடன் ஒப்புக்கொண்டதா, மறுத்ததா? உங்கள் வக்கீல் தோண்ட வேண்டிய இடம் இதுதான். கடன் மறுக்கப்பட்டதாக அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதுவும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அது உங்களுக்குப் பொன்.

அட்வான்ஸைப் பறிமுதல் செய்யலாமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. 'கிரயம் தவறினால் அச்சாரத் தொகை இழப்பு' என்று எழுதியிருந்தால் ஒன்று, கிரயத் தொகையில் ஒரு பகுதி என்று மட்டும் எழுதியிருந்தால் வேறு. பிந்தைய நிலையில் திருப்பித் தருவதற்குத் தயாராக இருங்கள். எழுத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

இந்த வாரமே சிவில் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். ஆனால் என்ன நோட்டீஸ் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 'குறித்த நாளில் மீதிப் பணத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று அழைக்கும் நோட்டீஸ் ஒரு வகை. ஒப்பந்தத்தை ரத்து செய்யும் நோட்டீஸ் இன்னொரு வகை. முதலாவதை அனுப்பினால் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும். இரண்டாவதை அனுப்பினால் அவர் வழக்குப் போடும் நாள் நெருங்கும். நீங்களாக ஒன்றை எழுதி அனுப்பினால் அது பின்னால் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். உங்கள் தரப்பைக் கேட்காமல் தடையாணை வாங்கிவிடாதபடி நீதிமன்றத்தில் கேவியட் மனுவும் போடச் சொல்லுங்கள். அது 90 நாள்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இதற்கிடையில் அவர் திடீரென்று உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பக்கூடும். செலவு செய்துவிடாதீர்கள். உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். திருப்பி அனுப்பும்போது எழுதும் வாசகத்தை வக்கீல் பார்த்துத் தந்த பிறகே, வந்த வழியிலேயே அனுப்புங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது 1998 பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டு, உங்களுக்குத் தெரியாமல் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா, வீட்டு வரி ரசீது, 2023 ஜனவரியிலிருந்து வங்கிப் பரிமாற்ற அறிக்கை, அக்ரிமென்ட்டின் ஜெராக்ஸ் அல்லது போனில் எடுத்த படம், வீட்டில் இருப்பவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும், எதையும் விடாமல் கொண்டுபோங்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி நீங்கள் நினைப்பதற்கு மாறாக இருந்தாலும் என் பதில் மாறும். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு வக்கீல் சொல்வதையே கேளுங்கள்.