விளையாட்டும் லினக்ஸும்

கணினியில் விளையாட விண்டோஸ்தான் வேண்டும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. என் பழைய கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அற்றது. புதிது வாங்க வசதியில்லை. ஆகவே, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸை நாடினேன்.

லினக்ஸ் நமக்குப் புதியதன்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆயினும், விளையாட்டுக்கு அது உதவாது என்றே எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணம் தவறு. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளுள் பல, திரையில் படம் வரைய 'டைரக்ட்எக்ஸ்' முறையில் கட்டளையிடும். வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'புரோட்டான்' அக்கட்டளைகளை லினக்ஸில் இயங்கும் 'வல்கன்' முறைக்கு மாற்றித் தருகிறது. 1993-இல் தொடங்கிய 'வைன்' திட்டமே இதற்கு அடிப்படை. மொழி அறியாத இருவரிடையே மொழிபெயர்ப்பாளர் நிற்பது போன்றதே இது. ஆனால், கணினியின் வரைகலைச் சில்லு வல்கனை ஏற்பதாக இருக்க வேண்டும்.

குறையும் உண்டு. 'வேலரன்ட்' விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸின் உட்கருவிலேயே அமர்வதால், அது லினக்ஸில் இயங்குவதில்லை. நண்பர்கள் மாலையில் கூடி ஆடுவது அதைத்தான். அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எனினும், பம்ப்செட் மோட்டார் புகைந்தால் கழற்றிக் காயில் கட்டி மீண்டும் ஓடவிடுவது நம் கோவை வழக்கம், தூக்கி எறிவதில்லை. கணினிக்கும் அதுவே பொருந்தும்.

நண்பர்களே, முதலில் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பாருங்கள். நீங்கள் ஆடும் விளையாட்டு அதில் ஓடுமா என்று விசாரித்தறிந்து, பிறகு மாறுங்கள்.