சிறுகுறிஞ்சான் இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நிறுத்திவிடாதீர்கள், அம்மா. சிறுகுறிஞ்சானுக்குக் குணம் உண்டு. இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணலைப் போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கு இனிப்பை உணர்வதைச் சற்று நேரம் தடுத்துவிடுகின்றன. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மாத்திரைக்கு ஈடாக அதை நம்பும் அளவுக்குச் சான்று இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க ஊறவைத்த வெந்தயமும் நல்லது. அதன் நார்ச்சத்து, சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை மெதுவாக்கும்.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கூடவே மூலிகைப் பொடியும் சாப்பிட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். பொடியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.